முத்தமிழ் பேரில் தாயம் போட்டது நான்தான்

அரியலூர்,
புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை.

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுக் காதை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறோம், நம்புவதைத் தவிர நீ எங்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுகிறது, அந்தக் கோட்டைப் பார்த்தே பிள்ளை இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு உன் அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். ஆண்டவர் என்று பேர் வைத்தாலும் வைத்தார்கள், அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி எது கேட்டாலும் பதில் வராது. அதனால்தான் இந்தக் காகிதம். எழுதி முடித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற லீலாவதியிடம் கொடுத்து, ஸ்கேன் போட்டு உன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். போனில் பேசினால் பாதியில் எனக்குச் சிரிப்பு வரும், இல்லையென்றால் அழுகை வரும், இரண்டுமே உனக்குப் பிடிக்காது.

ஊர்ச் செய்தியெல்லாம் பின்னால் இருக்கட்டும், முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் நாலு பக்கம் மழை வெயில் என்று எழுதி நழுவிவிடுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூஜை முடிந்த அந்த ஞாயிறு, உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் முத்தமிழ்ச்செல்வன் பேர் பச்சையாக எரிந்ததே, அவன் பேரில் கட்டை உருண்டு ஒன்று விழுந்ததே, அது உன் சிநேகிதன் ராஜா இல்லை. பேயும் இல்லை. நான்தான்டா. ஐம்பது வயதைத் தாண்டி, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிற உன் அம்மா சாந்தா. செத்துப்போன பிள்ளையின் பேரில் உட்கார்ந்து தாயம் ஆடியிருக்கிறேன், அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆடி மாதத்திலிருந்து ஞாயிறு தவறாமல். இதை எழுதுகிறபோதே கை கூசுகிறது, ஆனால் எழுதியாகிவிட்டது, பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது என்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதே எனக்குப் புதன்கிழமை ராஜா வந்து சொல்லித்தான் தெரியும். ஜெயங்கொண்டத்திலிருந்து பைக்கில் வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான், உள்ளே வாடா என்றால் வரமாட்டேன் என்கிறான், ஹெல்மெட்டுக்குள் அழுகிறான் என்பது கண்ணாடி மங்கலானதும்தான் எனக்குப் புரிந்தது. நீ அவனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினாயாமே. முத்தமிழ் பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தான்டா தெரியும், செத்தவனை வைத்து விளையாட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டாயாமே. தீபாவளிக்குள் மேப்பு, கதை, ஆளு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்றாயாமே. "செத்தவன் பேர்ல விளையாடுற அளவுக்கு நான் ஈனப்பயலாம்மா, நீங்களே சொல்லுங்கம்மா" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்கிறான், நான் என்ன செய்தேன் தெரியுமா, தோசை வார்த்தேன். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று பயந்துகொண்டு தோசை மேல் தோசையாக வார்த்தேன், அவனும் அழுதுகொண்டே சாப்பிட்டான், சட்னி நல்லாருக்கும்மா என்று அழுகைக்கு நடுவில் சொன்னான் பார், அந்த இடத்தில் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பழி அவன் தலையில், கரண்டி என் கையில். அவனை அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்தபோதுதான் இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது.

உனக்கே தெரியும், உங்கள் விளையாட்டுக்கு முதல் எதிரி நான்தான். கொரோனா சமயத்தில் நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாளை உருவுகிறேன், கதவை உடைக்கிறேன் என்று கத்தியபோது, ஆன்லைனில் சூதாடித் தோற்றுப் பிள்ளைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து சாம்பிராணிப் புகையோடு உள்ளே வந்தேனே. அப்புறம் நீ உட்காரவைத்துச் சொன்னாய், ஒருத்தன் கதை நடத்துவான், அது நீ, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம், இவர்கள் ராஜா, வினோதினி, முத்தமிழ். திரையில் மேப்பு, அதில் ஆளுக்கொரு வட்ட வில்லை, என்ன செய்ய நினைத்தாலும் இருபது முகம் உள்ள கட்டையை உருட்ட வேண்டும், விழுகிற எண்தான் விதி. நம் அரியலூர் கடலாக இருந்த காலத்துக் கதை என்றாய். சுண்ணாம்புக்கல் குழியில் சங்கும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கிறுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொன்னேனே தவிர, அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கதவுக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்கிற சாக்கில் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டிருக்கிறேன். கீரை ஆயாத நாளில் ஆய்ந்த கீரையை மறுபடி ஆய்ந்திருக்கிறேன். வினோதினி ராணியாகப் பேசுகிறபோது எனக்கே பயமாக இருக்கும், நேரில் வந்தால் அத்தனை சாது. முத்தமிழ் தோணிக்காரன். சண்டை என்றால் ஒளிந்துகொள்வான், பசிக்கிறது என்பான், ஆனால் கடலில் புயல் வந்தால் நீங்கள் மூன்று பேரும் அவன் பேரைத்தான் கூப்பிடுவீர்கள்.

தை மாதம் அந்த ஞாயிறு அவன் வரவில்லை. பெரம்பலூரில் மத்தியானத்துக்கு மேல் அரை நாள் வேலையை முடித்து பைக்கில் வீட்டுக்குக் கிளம்பியவன், அந்திக் கருக்கலில் ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியைப் பார்க்கவில்லை. நடந்ததை நான் திரும்ப எழுதமாட்டேன். நீ எதனால் அன்றைக்கு முதல் ஊமையானாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும், நீயாகச் சொல்லவில்லை, அவன் அம்மா பஞ்சவர்ணம்தான் சொன்னாள். போலீஸ்காரர்கள் அவள் கையில் கொடுத்த போனில் கடைசியாக உன் செய்திதான் இருந்ததாம், சீக்கிரம் வாடா, தோணிக்காரன் இல்லாமல் கப்பல் நகராது என்று. நீ அவசரப்படுத்தியதால்தான் அவன் வேகமாக வந்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெற்றவளுக்கு இது தெரியாதா. அதைப் பற்றிப் பஞ்சவர்ணம் என்ன சொன்னாள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், எழுத வேண்டும் என்றுதான் இத்தனை சுற்றும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் குன்னத்திலிருந்து பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். கையில் வெங்காயச் சாக்கு. பெரம்பலூர்ப் பக்கத்து ஜனங்கள் சின்ன வெங்காயம் இல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போகமாட்டார்கள், துக்கத்திலும் மறக்கவில்லையே என்று நினைத்து வாங்கினால் சாக்கு கனக்கிறது, உள்ளே வெங்காயத்துக்கு நடுவில் அவன் லேப்டாப். "இத யாராச்சும் தொறந்து குடுங்கன்னு ஊரெல்லாம் கேட்டுட்டேன் சாந்தா, அவன் போன் நெட்டு போனதுலருந்து எங்கூட்ல நெட்டும் இல்ல, ஊர்ல தெரிஞ்சவனும் இல்ல, இதுக்குள்ள அவன் போட்டோ இருக்கும்" என்றாள். உன் மேசையில் வைத்துச் செருகி, வைஃபையைப் போட்டுவிட்டுத் திறந்தேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை, போட்டோவும் வரவில்லை. உங்கள் மேப்பு வந்து நின்றது. அன்றைக்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் கலை, வந்ததும் உட்கார வேண்டும் என்று. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் அவன் கைவிளக்கு அளவுக்கு மட்டும் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டு, படிக்கட்டின் அடியில் அவன் வில்லை. வில்லையில் அவன் முகம், சிறுவாச்சூர்க் கோயில் வாசலில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டி மீசை வரைந்து வைத்திருக்கிறான். பஞ்சவர்ணம் முதலில் சிரித்தாள், இந்தப் பயலுக்கு மீசையைப் பாரு என்று. அப்புறம் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிக் கேட்டாள், "எல்லாரும் எங்க போயிட்டாங்க, எம்புள்ளைய ஏன் தனியா இருட்டுல நிக்க வெச்சிருக்கீங்க". இது விளையாட்டு அக்கா, வெறும் படம் என்று சொன்னேன், சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறாள். லேப்டாப்பை உன் மேசையிலேயே விட்டுவிட்டுப் போவாள். நீங்கள் விளையாடுகிற அதே ஆறு மணிக்கு, உனக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளை, இரண்டு பேரும் அதன் முன்னால் உட்காருவோம். வாராவாரம் இதற்காக பஸ் ஏற வேண்டுமா அக்கா, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன், அதற்கு அவள், "சிறுவாச்சூர் ஆத்தாளே திங்க வெள்ளிதான் கோயில்ல இருக்கா, அதுக்கு ஊரு ஒலகமே கார் எடுத்துட்டு வருது, எம்புள்ள ஞாயித்துக்கிழமை இருக்கான், நான் வரக்கூடாதா" என்றாள். நான் காப்பி போடப் போய்விட்டேன். எதிர் வீட்டு இருசம்மாள் சும்மா இருப்பாளா. இரண்டு பொம்பளைகள் ஞாயிறானால் கதவைச் சாத்துகிறார்கள், உள்ளே நீல வெளிச்சம், இன்னும் விழலையே இன்னும் விழலையே என்று பேச்சு, சாந்தா வீட்டில் ஆவி கூப்பிடுகிறார்கள் என்று தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். பரப்பியதோடு விட்டாளா, ஒரு நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என் காதோரம் வந்து, "ஏங்க்கா, எங்க வூட்டுக்காரரையும் ஒரு நிமிசம் கூப்புட்டுக் குடுங்களேன், பீரோ சாவிய எங்க வெச்சாருன்னு மட்டும் கேட்டுக்கிறேன், வேற ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்கிறாள். இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவரிடம் கேட்க வேறு ஒன்றும் இல்லையாம். அன்றைக்குப் பஞ்சவர்ணத்திடம் சொன்னபோது தை மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்து முடித்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த "விழலையே"தான் இந்தக் கடிதத்தின் வில்லங்கம். பிள்ளையை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள், அது நியாயம்தானே. மேப்பில் இடது பக்கக் கோடியில், கடற்கரையோரம், அவன் தோணிக்காரனுக்காக நீ ஒரு குடிசை வரைந்து வைத்தாயே, அதை நான்தான் வாய் கொழுத்துப் போய்ச் சொல்லிவிட்டேன், அவனுக்கு இதில் வீடு இருக்கிறது அக்கா, இடது பக்கமாக நேரே போனால் வந்துவிடும், இந்த அம்புக்குறி பட்டனை அமுக்கினால் நடப்பான் என்று. அப்படியானால் கூட்டிக்கொண்டு போ என்றாள். அங்கேதான் எனக்குப் பெரிய மேதாவித்தனம் வந்தது. கட்டை இருக்கிற ஆட்டத்தில் கட்டையைப் போடாமல் காயை நகர்த்தினால் அது கள்ளாட்டம் இல்லையா, அவன் ஆட்டத்தைப் பெற்றவளே கெடுக்கலாமா என்று கேட்டேன். தாயம் ஆடாத பொம்பளை நம் பக்கத்தில் உண்டா. தாயம் விழாமல் காய் இறங்குமா. பஞ்சவர்ணம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான், தாயம் விழட்டும், அப்புறம் போவட்டும்" என்றாள். உங்கள் கட்டைக்கு இருபது முகம், அதில் ஒன்று விழுவதற்குள் மனுஷன் நரைத்துவிடுவான். ஞாயிறுக்கு ஆளுக்கு மூன்று தடவைதான் உருட்டுவது, அதற்கு மேல் கேட்டால் பேராசை என்று நாங்களே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். ஏழு விழும், பதினெட்டு விழும், ஒரு நாள் இருபது விழுந்தபோது இரண்டு பேரும் ச்சே என்றோம். இருபது விழுந்தால் உங்கள் ஆட்டத்தில் ராஜயோகமாம், ஒன்று விழுந்தால் சர்வநாசமாம், இதுவும் ராஜா சொல்லித்தான் தெரியும். நாங்கள் எதற்காகச் சாமி கும்பிட்டோமோ அதைப் பார்த்துத்தான் நீ பயந்து செத்திருக்கிறாய்.

போன ஞாயிறு அது விழுந்தது. ஆயுத பூஜை அன்று பஞ்சவர்ணம் வர முடியவில்லை, துக்க வீடு என்பதால் அவள் வீட்டில் பூஜையும் கிடையாது, ஆனால் எல்லார் வீட்டு அரிவாளுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள், அவன் பெட்டிக்கு மட்டும் இல்லையே என்று சின்னக் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்திருந்தாள். நிறையத் தண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டாள், மூடியில் வைத்த பொட்டு வழிகிறது, நான் துணி எடுத்துத் துடைக்கிறேன், அவள் மறுபடி வைக்கிறாள். அப்புறம் உட்கார்ந்து அவள் மூன்று, நான் இரண்டு உருட்டியாகிவிட்டது, என் மூன்றாவது உருட்டலில் ஒன்று நின்றது. தாயம் என்று நான் போட்ட கூச்சலில் உன் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து கேஸ் வெடித்துவிட்டதா என்று கேட்டார். பஞ்சவர்ணம் கூச்சல் போடவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல காரியத்துக்கு முன்னால் வாய் இனிக்கட்டும் இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் ரவையை வறுத்துக் கேசரி கிளறிக்கொண்டு வருவதற்குள், அவன் வீட்டில் இருந்தான்.

ஆமாம் கலை, நீ அங்கே பார்த்ததை நான் இங்கே பார்க்கவில்லை, நான் பார்த்தது முடிந்துபோன காரியத்தை. படிக்கட்டு இல்லை, கடல் இல்லை, குடிசைக்குள் அவன் வில்லை பின்சுவரோடு ஒட்டி நின்றது, உள்ளே விளக்கு எரிகிறது, கறுப்பு விலகி நீ வரைந்ததெல்லாம் தெரிகிறது. பஞ்சவர்ணம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பாய் போட்டிருக்கு, பான வெச்சிருக்கு, கலை எல்லாத்தயும் வெச்சிருக்கான் பாரு" என்றாள். எப்படியக்கா போனான் என்று கேட்டேன். "தானா நடந்தான் சாந்தா, நிக்காம நடந்தான், பழமாயிட்டான்" என்றாள். தாயத்தில் சுற்றி முடித்து வீடு சேர்ந்த காய் பழம், அது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கேசரித் தட்டை மேசையில் வைத்தேன். அப்புறம்தான் பட்டன்களைப் பார்த்தேன், அங்கங்கே சந்தனம். உடனே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த என்ஜினீயர் எழுந்துவிட்டாள். ஒன்றும் இல்லை அக்கா, சந்தனம் வழிந்து இடது அம்புக்குறி பட்டன் அமுங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது, அதனால் விடாமல் நடந்து சுவரில் முட்டி நின்றிருக்கிறான் என்று விளக்கினேன். ஆமா ஆமா, ஒட்டிக்கிச்சு போல என்று அவளும் தலையை ஆட்டினாள். கேசரி சாப்பிட்டாள், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு வெகுநேரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டாள். திங்கள்கிழமை நான் லேப்டாப்பைக் கொண்டுபோய் லீலாவதியிடம் கொடுத்து, பட்டனைச் சுத்தம் செய்து வையம்மா, உள்ளே சந்தனம் போய்விட்டது என்றேன், சந்தனமா என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆக, நடந்தது இவ்வளவுதான். பேயும் இல்லை, துரோகியும் இல்லை, இரண்டு கிழவிகளும் ஒரு கிண்ணம் சந்தனமும். நீ அழிக்கலாம் என்று திறந்த அதே நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான் விதி. இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அம்மா சொல்கிறேன் என்று இல்லாவிட்டாலும் கீரை ஆய்ந்தவள் சொல்கிறேன் என்று கேள். முதலில் ராஜாவைக் கூப்பிடு. மன்னிப்பு என்ற வார்த்தை உங்கள் வாயில் வராது, தோசை எப்படி இருந்தது என்று கேள், அவனுக்குப் புரியும். இரண்டாவது, அதை அழிக்காதே சாமி. உனக்கு அது விட்டுப்போன ஆட்டம். அவளுக்குப் பிள்ளை ஒரு கூரைக்குக் கீழே விளக்கோடு இருக்கிற ஒரே இடம். நீ ஒரு பட்டனைத் தட்டினால் இங்கே ஒருத்தி பிள்ளையை இரண்டாவது தடவை அடக்கம் செய்ய வேண்டியிருக்கும். நீ அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதும், அழிக்கப்போகிறாய் என்பதும் அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

உன் செய்தியைப் பற்றி அவள் சொன்னதை எழுதுகிறேன் என்றேனே. புரட்டாசி முதல் ஞாயிறு, கட்டையில் தாயம் விழாமல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் போனை எடுத்து உன் செய்தியைக் காட்டினாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், "அவன் என்னைக்கு மெதுவா ஓட்டுனான், பால் வாங்கப் போனாலே பறப்பான். ஆனா பாரேன், இவன் இல்லாம ஒண்ணு நவுராதுன்னு எழுத ஒருத்தன் இருந்திருக்கான்ல. எங்கூட்ல நாங்கூட எம்புள்ளைய அப்பிடிச் சொன்னதில்ல". இதுதான் அவள் சொன்னது, ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ அதைக் கத்தியாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், அவள் அதைப் பிள்ளைக்குக் கிடைத்த பட்டம் மாதிரி வைத்திருக்கிறாள். இனிமேல் நீ எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள், ஆனால் தெரியாமல் நினைக்காதே.

மற்றபடி ஊரில் பெரிதாக ஒன்றும் இல்லை. ரெட்டிபாளையம் ஆலையில் அப்பாவுக்கு இந்த மாதம் பகல் ஷிப்ட், முழங்கால் வலி மாடிப்படிக்கு மட்டும் வருகிறது, டீக்கடைக்கு வருவதில்லை. உன் பாப்பாத்தி அத்தை வரதராஜன்பேட்டை வீட்டுக்குக் கேமரா மாட்டியிருக்கிறாள், திருடனைப் பிடிக்க என்று சொல்லிக்கொண்டு மருமகள் எத்தனை தடவை பிரிட்ஜைத் திறக்கிறாள் என்று பார்க்கிறாள். வினோதினி சென்னையிலிருந்து வாராவாரம் பஞ்சவர்ணத்துக்குப் போன் செய்கிறாள், உன்னைத்தான் கேட்கிறாளாம். மழை சரியாகப் பிடிக்கவில்லை, கொசு மட்டும் பிடித்துவிட்டது, தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல். பஞ்சவர்ணம் வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, அதனால் நான் இங்கே முறுக்கு சுட்டு வெங்காயச் சாக்கிலேயே போட்டுத் திருப்பி அனுப்பலாம் என்றிருக்கிறேன். அவளிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது, அது எனக்குப் பதில் தெரியாத கேள்வி. அந்தக் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்களா இல்லையா, கதை என்னாச்சு என்று கேட்கிறாள். கதை உன்னிடம் அல்லவா இருக்கிறது. ஒரு ஞாயிறு ஆறு மணிக்கு நீ வந்து உட்கார்ந்து, தோணிக்காரன் வீட்டில் இருக்கட்டும், மற்றவர்கள் மேலே ஏறினார்கள் என்று நாலு வரி சொன்னால் போதும். நீ சொல்கிறபோது குரல் உடைந்தால் உடையட்டும், நெட் சரியில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

மழபாடி ஈஸ்வரன் உன்னைத் தலையோடு காலாகக் காக்கட்டும், போகிற வழியெல்லாம் வெளிச்சம் இருக்கட்டும், நீ நூறு வயது இருந்து உன் பிள்ளை உன் போனை எடுக்காமல் இருக்கிற சுகத்தையும் அனுபவிக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ராத்திரி தயிர் சாப்பிடாதே, ஈரத்தலையோடு வெளியே போகாதே, ராஜாவைக் கூப்பிட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆ. சாந்தா.

பி.கு. காகிதத்தை மடிக்கிற நேரத்தில் லீலாவதியே லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்கக் கழற்றிப் பார்த்தாளாம், எந்தப் பட்டனும் ஒட்டவில்லையாம், உள்ளே ஒரு சொட்டுச் சந்தனம்கூட இறங்கவில்லையாம். இடது அம்புக்குறி பட்டனின் மேல் மட்டும் ஒரு விரல்ரேகை இருந்ததாம், நெடுநேரம் அழுத்திப் பிடித்தது மாதிரி, சந்தனத்தில். துடைத்துவிட்டேன் அக்கா என்றாள்.